ஆண் குழந்தையின் நீர்த்தாரையைக் கவனியுங்கள்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



தடுப்பூசி, பேறுகாலம், பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி என்று இந்த மந்தையில் உட்கார்ந்து நாம் எத்தனையோ விஷயங்கள் பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆண் பிள்ளை ஒண்ணுக்குப் போவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பேச்சு முடியும் வரை எழுந்து போகாதீர்கள். புருஷன்மார்களும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது இதற்காகத்தான்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அங்கன்வாடிக்குப் போகிற நாலு வயதுப் பையன். ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து கால்சட்டையை மாட்டினால் போதும், மறுபடி சொட்டுச் சொட்டாக இறங்கிச் சட்டை நனைந்துவிடும். அவன் தாய் ஒரு சொட்டு மருந்து முகாமில் என்னைப் பிடித்து, "அம்மா, இவனுக்கு எந்நேரமும் ஒழுகிக்கிட்டே இருக்கே, என்ன செய்யறது?" என்று கேட்டாள். முகாமில் கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. நான் பையனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சூடாயிருக்கும்மா. பார்லித் தண்ணி காய்ச்சிக் கொடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் வாங்கியவள் சொன்ன யோசனை இது!

அந்தத் தாய் என் பேச்சை நம்பி ஒரு வருஷம் பார்லித் தண்ணி கொடுத்தாள். அப்பத்தா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். தகப்பன் "பெரிய பயலாகியும் கால்சட்டையிலே போறியா?" என்று இரண்டு அடி வைத்தார். நடுவில் இரண்டு தடவை குளிர் காய்ச்சல் வந்தது. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். கடைசியில் ஒருநாள் மூத்திரத்தோடு இரத்தமும் வந்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவனுக்கு என்ன கோளாறு, அது எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நீர் போகிற பாதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

நீர் போகும் பாதை

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடைகளில் தண்ணீர் வந்து கண்மாயில் சேருகிறது. மடையைத் திறந்தால் வாய்க்கால் வழியாக வெளியே போகிறது. உடம்பிலும் இதே ஏற்பாடுதான். இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரை உண்டாக்குகின்றன. அது இரண்டு மெல்லிய நாளங்கள் வழியாக இறங்கி அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பையில் சேருகிறது. அங்கிருந்து மூத்திரக் குழாய் வழியாக வெளியேறுகிறது.

மடையில் மண் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கண்மாய் தளும்பும். தண்ணீர் பின்னுக்கு ஏறும். கடைசியில் கரை உடையும். மூத்திரக் குழாயில் அடைப்பு இருந்தாலும் அப்படித்தான். சிறுநீர்ப்பை முக்கி முக்கித் தள்ளித் தடித்துப் போகும். நீர் மேலே ஏறிச் சிறுநீரகங்கள் வீங்கும். தேங்கின நீரில் கிருமி வளரும். சிறுநீரகம் ஒரு தடவை கெட்டுப்போனால், கெட்டுப்போன பாகம் மறுபடி முளைக்காது. ஆகவேதான் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

அடைப்பு இரண்டு விதம்

பிறக்கும்போதே வருகிற அடைப்புகளில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே குழாய்க்குள் மெல்லிய சவ்வு குறுக்கே வளர்ந்திருப்பது. இது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஆண் பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கும். ஆபத்தானது இதுதான்.

மற்றொன்று அதைவிட அபூர்வமானது. ஆண்களின் மூத்திரக் குழாய்க்குப் பக்கத்தில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ளே, பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. 1666 முதல் 1709 வரை வாழ்ந்த வில்லியம் கௌப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயரால் இவற்றைக் கௌப்பர் சுரப்பிகள் என்பார்கள். வழவழப்பான ஒரு நீரைச் சுரந்து, சின்னஞ்சிறு குழல் வழியாக மூத்திரக் குழாயில் விடுவது இவற்றின் வேலை. சில பிள்ளைகளுக்கு அந்தச் சின்னக் குழல் வீங்கி நீர்க்கட்டியாகிவிடும். இதற்குச் சிரிங்கோசீல் என்று பெயர். 1983-ஆம் ஆண்டில் மைசெல்ஸ் முதலான அமெரிக்க மருத்துவர்கள் இதை நான்கு வகையாகப் பிரித்து எழுதினார்கள். அவர்கள் அப்படிப் பிரித்தது எட்டே எட்டுப் பையன்களிடம் கண்டதை வைத்துத்தான். அவ்வளவு அபூர்வம்!

அந்தக் கட்டி மூடியே இருந்தால், குழாயின் தரையிலிருந்து உப்பி வழியை அடைக்கும். வாய் திறந்திருந்தால் மூத்திரம் அதற்குள் போய் நிரம்பிக்கொண்டு, பிள்ளை எழுந்து போன பிறகு சொட்டுச் சொட்டாக வடியும். நான் "சூடு" என்று சொன்னேனே, அதன் உள் விஷயம் இதுதான்.

பெண் குழந்தைகளுக்கும் மூத்திர வாயின் ஓரத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. பிறந்த பெண் குழந்தைக்கு அந்த இடத்தில் சில சமயம் முத்துப் போல ஒரு நீர்க்கட்டி தெரியும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே வற்றிவிடும். வேறு கோளாறு இல்லையா என்று மருத்துவர் ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும். நீங்களாக ஊசியால் குத்திவிடாதீர்கள்.

வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை

ஆண் குழந்தை ஒண்ணுக்குப் போனால் தாரை வளைந்து தூரத்தில் விழ வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். கீழே சொல்கிற அடையாளங்களில் ஏதாவது இருந்தால் தாமதிக்கக் கூடாது:

தாரை மெலிந்து, விட்டு விட்டு வருவது, அல்லது சொட்டாகவே வருவது.

பிள்ளை முகம் சிவக்க முக்கி நீர் விடுவது.

போய் முடித்த பிறகும் சொட்டிக் கால்சட்டை நனைவது.

சளி, இருமல் இல்லாமல் குளிர் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது.

மூத்திரத்தில் இரத்தம், கலங்கல், துர்நாற்றம்.

ஒண்ணுக்குப் போன பிறகும் அடிவயிறு பந்து போல் இருப்பது.

கைக்குழந்தையாக இருந்தால் பால் குடிக்காமை, வாந்தி, எடை ஏறாமை.

பிறந்து ஒரு நாள் முழுக்க ஆகியும் குழந்தை நீர் விடவில்லை என்றால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். பெரிய பிள்ளைக்கு நீர் அடியோடு நின்று அடிவயிறு வீங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். சொட்டுகிற பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் கோளாறு இருக்கும் என்று பயந்துவிடாதீர்கள். அவசரமாகப் போய்விட்டு ஓடி வருகிற பையனுக்கும் இரண்டு சொட்டு விழும். சின்னப் பையன்களுக்கு நீர் விடும்போது முன் தோல் பலூன் போல் உப்புவதும் உண்டு. பெரும்பாலும் அது வளர வளரச் சரியாகிவிடும். தோலைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுக்காதீர்கள். எது சாதாரணம், எது கோளாறு என்று பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. கவனித்துச் சொல்வது நம் வேலை.

படம் எடுப்பது எப்படி?

முதலில் மூத்திரத்தையும் இரத்தத்தையும் சோதிப்பார்கள். கிருமி இருந்தால் மருந்து கொடுத்துக் காய்ச்சலைத் தணித்த பிறகே மற்றச் சோதனைகள்.

அடுத்து ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுக்கிறார்களே, அதே ஸ்கேன்தான். இதில் கதிர் கிடையாது, வலி கிடையாது. சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, நீர்ப்பை தடித்திருக்கிறதா, ஒண்ணுக்குப் போன பிறகும் நீர் தங்குகிறதா என்று தெரியும். தேவைப்பட்டால் கால்களுக்கு நடுவே அந்தக் கருவியை வைத்துச் சுரப்பிக் கட்டியையும் பார்ப்பார்கள்.

ஆனால் ஸ்கேனோடு முடிந்துவிடாது. மோட்டார் ஓடாதபோது ஓஸ் குழாயைப் பார்த்தால் எங்கே அடைப்பு, எங்கே புடைப்பு என்று தெரியுமா? தெரியாது. தண்ணீர் ஓடும்போதுதான் தெரியும். மூத்திரக் குழாயும் அப்படியே. பிள்ளை ஒண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே படம் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு எம்.சி.யு. என்று பெயர். சீட்டில் இந்த மூன்று எழுத்து இருந்தால் பயந்து ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள்.

எக்ஸ்ரே மேசையில் பிள்ளையைப் படுக்க வைப்பார்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, மெல்லிய இரப்பர் குழாய் ஒன்றை மூத்திர வாய் வழியாக நீர்ப்பைக்குள் விடுவார்கள். உள்ளே போகும்போது கொஞ்சம் எரியும். பிள்ளை அழும். அது நிஜம், மறைக்க மாட்டேன். மரத்துப்போகிற மருந்துக் களிம்பு தடவிச் செய்வதும் உண்டு. பிறகு எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்து நீரை மெதுவாக இறக்குவார்கள். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் வருவது பிள்ளையின் நீர்ப்பை கொள்ளும் மில்லி அளவு. நாலு வயதுப் பிள்ளைக்கு 180 மில்லி, ஒரு டம்ளர். நிரம்பியதும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, "ஒண்ணுக்குப் போ" என்பார்கள். அவன் போகப் போகப் படம் எடுப்பார்கள்.

அந்தப் படத்தில் குழாயின் மேல்பகுதி விரிந்து, கீழே திடீரென்று ஒடுங்கினால், அது குறுக்குச் சவ்வு. குழாயின் தரையில் வழவழப்பாக உருண்டையாய் ஒரு நிழல் தெரிந்தால், அது மூடிய சுரப்பிக் கட்டி. குழாய்க்கு அடியில், அதை ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன வாய்க்கால் மருந்தால் நிரம்பித் தெரிந்தால், அது வாய் திறந்த சுரப்பிக் குழல். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சொட்டுதான். உள்ளே இருப்பதை வேறுபடுத்திக் காட்டுவது படம்தான். அதன்பின் மருத்துவர் மெல்லிய தொலைநோக்குக் கருவியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்வார்.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

"ஆம்பளைப் பிள்ளை அந்த இடத்தில் குழாய் விட்டால் பின்னால் கல்யாணம் காட்சி பண்ண முடியுமா?" என்று மாமியார்மார்கள் கேட்கிறார்கள். இயற்கையாக இருக்கிற வழியில் மெல்லிய குழாய் போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆண்மைக்கு ஒரு குறையும் வராது.

"எக்ஸ்ரே கதிர் கெடுதல் இல்லையா?" நல்ல கேள்வி. தேவையில்லாமல் எடுக்கக் கூடாதுதான். அதனால்தான் முதலில் ஸ்கேன் பார்த்து, அவசியமான பிள்ளைக்கு மட்டும், அவசியமான சில நொடிகள் மட்டும் எடுக்கிறார்கள். ஆனால் மறுபடியும் முழுகாமல் இருக்கிற தாய் அந்த அறைக்குள் நிற்கவே கூடாது. அப்போது தகப்பன் உள்ளே போக வேண்டும்.

"மயக்க மருந்து கொடுப்பார்களா?" பெரும்பாலும் இல்லை. பிள்ளை விழித்திருந்து நீர் விட்டால்தானே படம் கிடைக்கும்!

"இது யாரால் வந்தது?" தாயால் வந்ததல்ல. கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, சாப்பிட்ட பண்டத்தாலோ வந்ததல்ல. கருவில் உறுப்புகள் உருவாகும்போது நேர்ந்த குறை. மருமகளைக் குற்றம் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

"வயிற்றில் இருக்கும்போதே தெரியாதா?" குறுக்குச் சவ்வுக் கோளாறு கடுமையாக இருந்தால் ஐந்தாம் மாத ஸ்கேனிலோ அதற்குப் பின்னரோ தெரியக்கூடும். பிள்ளையின் சிறுநீரகங்கள் வீங்கியும், பனிக்குட நீர் குறைந்தும் இருக்கும். பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அதைக் கேட்காதீர்கள். "சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

அந்தப் பையன் கதை

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். அவர்களோடு நானும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் தவறுக்கு நான்தானே போக வேண்டும்? எக்ஸ்ரே அறை வாசலில் குழாயைப் பார்த்ததும் தகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சின்னப் பிள்ளைக்குள்ளே ட்யூப் விடவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கே நடந்துவிட்டார். தாய் ஆறு மாத கர்ப்பிணி. அவள் மூச்சு வாங்கப் பின்னாலேயே போய், "பாத்துட்டுப் போவோங்க. எங்கூட வரவேண்டாம், அவங்கூட நில்லுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மனிதர் திரும்பி வந்தார்.

குழாய் விட்டாயிற்று, மருந்து நீரும் நிரப்பியாயிற்று. பையன் நீர் விடவில்லை! பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. குழாயைத் திறந்து விட்டார்கள், வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறான். அப்புறம்தான் அவன் மெல்லத் தகப்பனைப் பார்த்து, "படுத்துக்கிட்டே போனா அடிப்பீங்க" என்றான்.

ஒரு வருஷமாக வாங்கின அடி அது. அந்த மனிதர் கண் கலங்கிப் போய்ப் பையன் தலையைத் தடவி, "ஒண்ணுக்கு இருப்பா கண்ணு. அப்பா இனிமே அடிக்க மாட்டேன்" என்றார். இரண்டு நிமிஷத்தில் தாரை வந்தது. படமும் கிடைத்தது. குழாயின் தரையில் உருண்டையான நிழல். சுரப்பிக் கட்டி!

பிறகு மயக்க மருந்து கொடுத்து, வெளியே எங்கும் கீறாமல், தொலைநோக்குக் கருவி வழியாகவே அந்தக் கட்டியின் கூரையைத் திறந்துவிட்டார்கள். சொட்டு நின்றது. காய்ச்சலும் பிறகு வரவில்லை. சில பிள்ளைகளுக்கு இந்தக் கட்டியால் தொந்தரவு இல்லை என்றால் ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தாலே போதும் என்றும் மருத்துவர் சொல்வார். அந்தப் பையன் இப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான்.

இன்னொரு பிள்ளையையும் சொல்லாமல் விடக் கூடாது. ஸ்கேனில் வீக்கம் தெரிந்து, எம்.சி.யு. எடுக்கச் சொல்லியும், "அறுப்பு முடியட்டும்", "ஆடி போகட்டும்" என்று இரண்டு வருஷம் தள்ளினார்கள். அவனுக்கு இருந்தது குறுக்குச் சவ்வு. சவ்வைப் பிற்பாடு வெட்டிவிட்டார்கள், வழி திறந்துவிட்டது. ஆனால் சிறுநீரகம் இரண்டும் பாதி கெட்ட பிறகுதான் அது நடந்தது. இன்றைக்கும் அவன் மாதா மாதம் இரத்தச் சோதனைக்கு வருகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. காலத்தில் செய்துகொண்ட பிள்ளைகளும்கூடப் பெரியவர்களாகும் வரை சோதனைக்கு வரத்தான் வேண்டும். ஆனால் கைக்குள் இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ள வருவது வேறு, போனதை நினைத்துக்கொண்டு வருவது வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 104-க்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், எது எது சேரும் என்று அங்கேயே கேளுங்கள்.

போவதற்கு முன் பிள்ளையிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "ஊசி இல்லை, சும்மா பார்ப்பாங்க" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "கொஞ்சம் எரியும், நான் பக்கத்திலே இருப்பேன், படுத்தபடியே ஒண்ணுக்குப் போகலாம், யாரும் திட்ட மாட்டாங்க" என்று சொல்லுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

படம் எடுத்து வந்த பிறகு தண்ணீர் நிறையக் கொடுங்கள். ஓரிரு நாள் நீர் போகும்போது எரியலாம். லேசாகச் சிவந்தும் வரலாம். கொடுத்த மாத்திரையை முழுவதும் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, நீர் போகாமல் நின்றாலோ, இரத்தம் அதிகமாக வந்தாலோ உடனே திரும்பிப் போங்கள். படத்தையும் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

தாய்மார்களே, தந்தைமார்களே! கால்சட்டை நனைந்த பிள்ளையை அடிப்பதற்குக் கை ஓங்கும் முன், அவனைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போய்த் தாரையைப் பாருங்கள். இருவரும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இருவரும் சேர்ந்து கூட்டி வாருங்கள். இந்தத் தடவை யாரையும் பார்லித் தண்ணி சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டேன்.